வெவ்வேறு வயதில் மூன்று பிள்ளைகள்: வீட்டுக் கல்விக்கு எந்தப் பாடத்திட்டம்?

கேள்வி: நாங்கள் வேளச்சேரியில் வசிக்கிறோம். கணவரின் பணி மாறுதலால் இந்த ஆண்டு தில்லியிலிருந்து சென்னைக்குத் திரும்பினோம். மூத்த மகளுக்கு 13 வயது, சி.பி.எஸ்.இ. பள்ளியில் எட்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். மகனுக்கு 9 வயது. நான்காம் வகுப்புக்குப் போக வேண்டியவன், ஆனால் கணக்கு வராது. கடைக்குட்டிக்கு 5 வயது. மூவரையும் வீட்டிலேயே படிக்க வைக்க முடிவு செய்திருக்கிறோம். இணையவழிப் பாடங்கள் நடத்தும் ஒரு நிறுவனம், மூவரையும் சேர்த்தால் கட்டணத்தில் சலுகை தருவதாகச் சொல்கிறது. என் தோழியோ ஒரு வெளிநாட்டுப் பாடத்திட்டத்தைப் பரிந்துரைக்கிறார். நான் பிற்பகலில் வீட்டிலிருந்தே அலுவலக வேலை பார்க்கிறேன். மாமியார் எங்களோடு இருக்கிறார். மூவருக்கும் ஒரே பாடத்திட்டம் எடுப்பதா, தனித்தனியாக எடுப்பதா? பிள்ளைகள் இதுவரை இந்திதான் படித்தார்கள். தமிழ் பேசுவார்களே தவிர எழுதப் படிக்கத் தெரியாது. சான்றிதழுக்கு என்ன வழி என்று என் கணவர் கேட்கிறார்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

எந்தப் பாடத்திட்டம் சிறந்தது என்பதைப் பிறகு பார்ப்போம். முதலில் உங்கள் கையில் இருக்கும் நேரத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். பிற்பகல் உங்கள் வேலைக்குப் போய்விடுகிறது. காலைச் சமையலும் மற்ற வீட்டு வேலைகளும் போக, எட்டரை மணி முதல் பன்னிரண்டரை வரை நான்கு மணி நேரம் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். அந்த நிறுவனம் சொல்வதுபோல் மூவரையும் மூன்று வகுப்புகளில் சேர்த்து, ஆளுக்கு ஐந்து பாடம் என்று எடுத்தால், மொத்தம் 15 பாடங்கள். ஒரு பாடத்துக்கு 16 நிமிடம். நடுவில் யாரும் தண்ணீர் குடிக்க எழுந்திருக்கவில்லை, கதவு தட்டப்படவில்லை, கடைக்குட்டி அழவில்லை என்றால்தான் அந்த 16 நிமிடமும் மிஞ்சும். வீட்டுக் கல்வியைத் தொடங்கி ஓர் ஆண்டுக்குள் களைத்துப்போய் என்னிடம் வந்த பெற்றோர் பலரும் இந்த இடத்தில்தான் களைத்திருந்தார்கள். அவர்கள் எடுத்த பாடத்திட்டங்களில் பெரிய குறை எதுவும் இல்லை. ஒரு பள்ளிக்கூடத்தின் மூன்று வகுப்பறைகளை ஒரு கூடத்துக்குள் அப்படியே நடத்தப் பார்த்தார்கள், அதுதான் முடியாமல் போனது.

ஆகவே மூன்று வகுப்பு என்ற எண்ணத்தை விட்டுவிட்டு, பாடங்களை இரண்டு விதமாகப் பிரித்துப் பாருங்கள். கணக்கும், ஒரு மொழியில் எழுதப் படிக்கக் கற்பதும் முன்னதன் மேல் பின்னது நிற்கும் பாடங்கள். கூட்டல் பதியாமல் பெருக்கலுக்குப் போக முடியாது. எழுத்துக்கூட்டிப் படிக்க வராத பிள்ளை கட்டுரை எழுத முடியாது. இவற்றில் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது நிற்கும் இடத்திலிருந்துதான் கற்பிக்க வேண்டும். வயதையோ வகுப்பையோ பார்த்துப் பயனில்லை. அறிவியல், வரலாறு, புவியியல், கதை, ஓவியம், இசை ஆகியவை அப்படிப்பட்டவை அல்ல. ஒரே பொருளை ஐந்து வயதிலும் ஒன்பது வயதிலும் பதின்மூன்று வயதிலும் அவரவர் ஆழத்துக்கு ஏற்றபடி படிக்கலாம்; சோழர்களைப் பற்றிக் கேட்பதற்கு முன் பல்லவர்களைப் பற்றிக் கட்டாயம் கேட்டிருக்க வேண்டும் என்பதில்லை. முதல் வகையைத் தனித்தனியாகவும் இரண்டாவது வகையை மூவருக்கும் பொதுவாகவும் வைத்துக்கொண்டால், 15 பாடங்கள் ஏழெட்டாகக் குறைந்துவிடும். உங்கள் முதல் கேள்விக்கு என் பதில் இதுதான்: ஒரே பாடத்திட்டம் என்பதும் வேண்டாம், மூன்று தனிப் பாடத்திட்டங்கள் என்பதும் வேண்டாம்.

வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் ஒன்றாகப் படித்தால் உருப்படியாகப் படிக்க மாட்டார்கள் என்று உறவினர்கள் சொல்லக்கூடும். அவர்களுக்கு நம் நகரத்தின் வரலாற்றிலிருந்தே பதில் சொல்லலாம். எழும்பூரில் படைவீரர்களின் ஆண் பிள்ளைகளுக்காக நடந்த அனாதை இல்லத்தின் பொறுப்பை 1789இல் ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், இங்கிருந்த திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். அதைத் தன் இல்லத்திலும் கொண்டுவந்து, மூத்த மாணவர்களைக் கொண்டு இளையவர்களுக்குக் கற்பித்தார். அந்த முறை இங்கிலாந்தில் 'மதராஸ் முறை' என்ற பெயரிலேயே பரவியது. மூன்று ஆண்டு வயது வேறுபாடுள்ள பிள்ளைகளை ஒரே அறையில் கற்க விட்ட இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி, 1939இல் அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். நமக்கு மிக அருகில், 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியபோது, கீழ் வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில் கலந்து உட்கார்ந்து, எளியதிலிருந்து கடினம் வரை படிப்படியாக வரிசைப்படுத்திய கற்றல் ஏணியில் தாங்கள் நிற்கும் படிக்கு உரிய அட்டையை எடுத்துப் படித்தார்கள். பின்னர் அது மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. இந்த மூன்றிலிருந்தும் நீங்கள் எடுத்துக்கொள்ளத்தக்கது கடைசியாகச் சொன்ன ஏணிதான். ஒவ்வொரு பிள்ளைக்கும் கணக்குக்கு ஓர் ஏணி, மொழிக்கு ஓர் ஏணி என்று ஒரு தாளில் வரைந்து சுவரில் ஒட்டாமல் உங்கள் குறிப்பேட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சுவரில் ஒட்டினால் அடுத்தவர் எந்தப் படியில் இருக்கிறார் என்று பார்ப்பதே பிள்ளைகளின் வேலையாகிவிடும்.

இனி மகனுக்கு வருகிறேன். அவனுக்குக் 'கணக்கு வராது' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லை இனி அவன் காதில் விழும்படி யாரும் சொல்ல வேண்டாம் என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன். ஒன்பது வயதுப் பிள்ளை அதை நம்பிவிடும். எது வரவில்லை என்பதை அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடலாம். ஒரு தாளில் 403 என்று எழுதி, அதன் கீழ் 167 என்று எழுதிக் கழிக்கச் சொல்லுங்கள். எதுவும் பேசாமல் அவன் பென்சிலை மட்டும் பாருங்கள். சரியான விடை 236. அவன் 246 என்று எழுதினால், நூறாம் இடத்தில் கடன் வாங்கி, அதிலிருந்து ஒன்றாம் இடத்துக்கும் கொடுத்துவிட்டு, நடுவில் இருக்கும் பத்தை ஒன்பதாகக் குறைக்க மறந்திருக்கிறான் என்று பொருள். சில நாள் பயிற்சியில் அது சரியாகிவிடும். அவன் 364 என்று எழுதினால் நிலைமை வேறு. ஒவ்வோர் இடத்திலும் எது பெரிய இலக்கமோ அதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறான். இடமதிப்பே அவன் மனத்தில் பதியவில்லை; அவனுக்கு 403 என்பது பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் மூன்று தனி இலக்கங்கள், அவ்வளவுதான். அந்த நிலையில் நான்காம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை அவன் முன் வைத்தால் ஆண்டு முழுவதும் அழுகைதான் மிஞ்சும்.

இரண்டாவது நிலைதான் என்றால், புத்தகத்தை மூடிவிட்டு நான்கு நூறு ரூபாய்த் தாள்களையும் மூன்று ஒரு ரூபாய் நாணயங்களையும் அவன் கையில் கொடுங்கள். நீங்கள் கடைக்காரர், அவன் 167 ரூபாய் தர வேண்டும், மீதிச் சில்லறை உங்களிடம் இல்லை. பாட்டியிடம் போய் ஒரு நூறைப் பத்துப் பத்துத் தாளாக மாற்றி, அதில் ஒரு பத்தை ஒரு ரூபாய் நாணயங்களாக மாற்றி வந்தால்தான் அவனால் கொடுக்க முடியும். இரண்டு முறை நடந்து மாற்றி வந்த பின், தாளில் நாம் போடும் அடித்தல் திருத்தல்களும் அதே மாற்றம்தான் என்பது அவனுக்குத் தானே தெரியும். பத்து நாட்கள் வெவ்வேறு தொகைகளை வைத்து இதைச் செய்துவிட்டு, பின்னர் இரண்டாம் வகுப்புப் புத்தகத்தின் இடமதிப்புப் பாடத்திலிருந்து தொடங்குங்கள். நான்காம் வகுப்பு வயதுப் பிள்ளைக்கு இரண்டாம் வகுப்புப் புத்தகமா என்று தயங்க வேண்டாம். அரசே 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் கீழ் வகுப்புப் பிள்ளைகளை வகுப்புப்படி பிரிக்காமல், கற்றல் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்றுதானே பிரித்தது? புத்தகத்தின் அட்டையில் வகுப்பு எண் தெரிவது அவனுக்குக் கூச்சமாக இருந்தால் அட்டைக்கு உறை போட்டுவிடுங்கள்.

தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் புத்தகங்கள் தமிழ், ஆங்கிலம் ஆகிய இரு வழிகளிலும் கிடைக்கின்றன. இணையத்தில் இலவசமாகத் தரவிறக்கலாம், அச்சுப் பிரதி வேண்டுமென்றால் நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் இருக்கும் கல்வி வளாகத்தில் வாங்கலாம். கீழ் வகுப்புப் புத்தகங்கள் பருவவாரியாகப் பிரிக்கப்பட்டிருப்பதால், முழு ஆண்டுக்கும் பணம் போடாமல் ஒரு பருவத்துக்கு எடுத்துப் பார்க்க முடிகிறது. ஒன்றிய அரசு நிறுவனமான என்.சி.இ.ஆர்.டி. வெளியிடும் புத்தகங்களும் இதேபோல் இலவசம். மகளும் மகனும் சி.பி.எஸ்.இ. பள்ளியிலிருந்து வருவதால் அந்தப் புத்தகங்கள் அவர்களுக்குப் பழகியவை. கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் அவற்றையே தொடர்வது நல்லது. தனித்தனியாகக் கற்பிக்க வேண்டிய பாடங்களுக்கு இவ்வளவு போதும் என்பது என் உறுதியான கருத்து. கடைக்குட்டிக்கு இதுவும் வேண்டாம். ஐந்து வயதில் ஒரு நாளைக்கு இருபது நிமிட எழுத்துப் பழக்கம், இருபது நிமிட எண் விளையாட்டு, யாராவது மடியில் வைத்துப் படித்துக் காட்டும் கதை ஆகியவை இருந்தால் அவள் படிப்பு நன்றாகவே நடக்கிறது என்று கொள்ளலாம்.

பொதுப் பாடத்தை எப்படி நடத்துவது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். அந்த மூன்று மாதங்களுக்குச் 'சென்னையின் தண்ணீர்' என்ற ஒரே பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை ஆகிய ஐந்து ஏரிகளின் நீர் இருப்பு மழைக்காலத்தில் நாளிதழ்களில் வரும். கடைக்குட்டி, ஒரு குடத்தை நிரப்ப எத்தனை செம்புத் தண்ணீர் வேண்டும் என்று மொட்டை மாடியில் அளந்து எண்ணுவாள். அகன்ற பாத்திரம், உயரமான பாத்திரம் இரண்டிலும் ஒரே அளவுத் தண்ணீரை ஊற்றி எது அதிகம் என்று கேளுங்கள், அவள் சொல்லும் பதில் உங்களை வியக்க வைக்கும். மகன் ஒரு வரைபடத்தில் ஐந்து ஏரிகளையும் குறித்து, வாரந்தோறும் நீர் இருப்பைப் பட்டை வரைபடமாக வரைவான். பூண்டியின் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி, சோழவரம் 1,081, புழல் 3,300, செம்பரம்பாக்கம் 3,645, கண்ணன்கோட்டை 500. இவற்றைக் கூட்டினால் 11,757 வரும். நான்கு இலக்க எண்களைக் கூட்டுவதற்கு இதைவிட அர்த்தமுள்ள பயிற்சி ஒரு பயிற்சி நூலில் கிடைக்காது.

மூத்தவள் இதே பொருளில் வெகுதூரம் போகலாம். ஒரு டி.எம்.சி., அதாவது ஆயிரம் மில்லியன் கன அடி, என்பது ஏறத்தாழ 2,832 கோடி லிட்டர் என்பதைக் கன அடியிலிருந்து தானே கணக்கிட்டு வரச் சொல்லுங்கள்; ஒவ்வோர் ஏரியும் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். 1983இல் ஆந்திராவோடு ஒப்பந்தம் செய்தும் கிருஷ்ணா நீர் ஊத்துக்கோட்டை எல்லைக்கு 1996இல்தான் வந்து சேர்ந்தது ஏன், 2015 டிசம்பரில் வெள்ளத்தில் மிதந்த நகரம் 2019 கோடையில் குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றது எப்படி என்பவை அவள் வயதுக்கு ஏற்ற வரலாறும் புவியியலும் குடிமையியலும் ஆகும். உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை மூவரும் ஒன்றாகப் போய்ப் பார்க்கலாம். 2022இல் அது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அங்கே கடைக்குட்டி பறவைகளை எண்ணுவாள், மகன் பெயர் கேட்பான், மகள் அந்த நிலம் சுருங்கியதற்கும் வேளச்சேரித் தெருக்களில் தண்ணீர் நிற்பதற்கும் உள்ள தொடர்பைக் கேட்பாள். மூவரும் அன்று இரவு சாப்பாட்டின்போது ஒரே விஷயத்தைப் பேசுவார்கள். தனித்தனித் திரைகளில் தனித்தனிப் பாடம் பார்க்கும் பிள்ளைகளுக்கு அந்தப் பேச்சு வாய்ப்பதில்லை. உடன்பிறந்தவர்களை வீட்டில் வைத்துக் கற்பிப்பதில் கிடைக்கும் மிகப் பெரிய லாபம் அதுதான் என்று நான் நினைக்கிறேன். இப்படி ஆண்டுக்கு மூன்று நான்கு பொருள்கள் போதும். எழும்பூர் அருங்காட்சியகம், கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவு, பிர்லா கோளரங்கம் ஆகியவற்றைச் சுற்றுலாவாக ஒரே நாளில் பார்த்து முடிக்காமல், எடுத்துக்கொண்ட பொருளுக்குத் தேவைப்படும்போது போய் வாருங்கள்.

தமிழைப் பற்றி நீங்கள் கவலையோடு எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் ஒரு நல்வாய்ப்புத் தெரிகிறது. உங்கள் வீட்டில் மூவரும் ஒரே படியில் நிற்கும் பாடம் தமிழ் ஒன்றுதான். மூவரையும் ஒன்றாக உட்கார வைத்து முதல் வகுப்புப் புத்தகத்திலிருந்து தொடங்கலாம்; உங்கள் மாமியாரால் முடியும் என்றால் இந்த வகுப்பை முழுவதுமாக அவரிடமே விட்டுவிடுங்கள், உங்களுக்கும் அரை மணி நேரம் மிஞ்சும். இந்தி படித்த பிள்ளைகளுக்கு உயிர்க்குறிகள் மெய்யோடு சேர்வது புதிதாக இராது. ஆனால் இந்தியில் நான்கு எழுத்துகள் செய்யும் வேலையைத் தமிழில் க என்ற ஓர் எழுத்தே செய்வதும், கெ, கே, கை ஆகியவற்றில் குறி முன்னால் வந்து நிற்பதும், ர, ற வேறுபாடும், ந, ன, ண வேறுபாடும் அவர்களைச் சில வாரங்கள் தடுமாற வைக்கும். அதைப் பிழை என்று திருத்திக்கொண்டே இராமல், நிறையப் படித்துக் காட்டி விட்டுவிடுங்கள். மூத்தவள் விரைவில் முன்னே போய்விடுவாள், போகட்டும். அவள் படிக்கக் கற்ற சிறுவர் கதையைக் கடைக்குட்டிக்கு வாசித்துக் காட்டட்டும்; இருவருக்கும் அது பாடம். தமிழை ஒத்திப்போட வேண்டாம் என்று நான் வற்புறுத்துவதற்கு நடைமுறைக் காரணமும் உண்டு. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டப்படி இம்மாநிலப் பள்ளிகளில் பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம். இளைய இருவரும் பின்னொரு நாள் பள்ளிக்குத் திரும்ப விரும்பினால் தமிழ் தெரியாமல் திணறக் கூடாது.

இனி சான்றிதழ். உங்கள் கணவர் கேட்பது நியாயமான கேள்வி, அதற்கு மூத்தவளைப் பொறுத்தவரை இப்போதே பதில் வேண்டும். நம் சூழலில் பெரும்பாலான குடும்பங்களுக்கு நான் சொல்வது தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தைத்தான், அதாவது என்.ஐ.ஓ.எஸ். அது ஒன்றிய அரசின் கல்வி அமைச்சகத்தின் கீழ் இயங்கும் தேசிய வாரியம். சென்னையில் மண்டல மையம் உண்டு. பத்தாம் வகுப்புக்கு இணையான செகண்டரி நிலையில் சேரக் குறைந்தது 14 வயது ஆகியிருக்க வேண்டும். ஐந்து பாடங்களில் தேர்ச்சி பெற வேண்டும், விரும்பினால் மேலும் இரண்டு எடுக்கலாம். மொழிப் பாடம் குறைந்தது ஒன்று, அதிகபட்சம் இரண்டு. பொதுத் தேர்வு ஆண்டுக்கு இருமுறை நடக்கிறது, அதைத் தவிர விரும்பும்போது எழுதும் தேர்வு முறையும் இருக்கிறது. ஒருமுறை பதிவு செய்தால் ஐந்து ஆண்டுகள் வரை செல்லும்.

மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இந்த வாரியம் பொருந்துவதற்கு முக்கியமான காரணம், ஐந்து பாடங்களையும் ஒரே மாதத்தில் எழுத வேண்டியதில்லை என்பதுதான். முதலில் ஆங்கிலமும் சமூக அறிவியலும், அடுத்த முறை இன்னொரு மொழியும், கணக்கையும் அறிவியலையும் தயாரான பின் என்று பிரித்து எழுதலாம். அவளுடைய தேர்வுக் காலத்தில் மற்ற இருவரின் படிப்பு நின்றுபோகாது. இப்போது 13 வயது என்பதால், இடையில் கிடைக்கும் காலத்தில் வேறெந்த வாரியத்திலும் சேர்க்காமல் ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதத்தையும் ஆங்கில எழுத்துப் பயிற்சியையும் உறுதியாக்குங்கள். பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் முன் அவளை உட்கார வைத்துப் பேசுங்கள். எளிதாக இருக்கிறது என்று கணக்கையும் அறிவியலையும் விட்டுவிட்டால், பின்னர் பதினோராம் வகுப்பில் அறிவியல் பிரிவு எடுப்பது கடினமாகிவிடும். அவள் போக நினைக்கும் நுழைவுத் தேர்வு எதுவானாலும் அதன் தகுதி விதிகளை அந்த ஆண்டின் அறிவிப்பில் நேரடியாகப் படித்துவிடுங்கள். பிறர் சொல்வதை நம்பி முடிவெடுக்க வேண்டாம். பத்தாம் வகுப்புக்கு நிகரான கேம்பிரிட்ஜ் ஐ.ஜி.சி.எஸ்.இ. தேர்வைத் தனித்தேர்வராக எழுதும் வழியும் இருக்கிறது. தேர்வுக் கட்டணம் மிக அதிகம், தனித்தேர்வரை ஏற்கும் பள்ளியையும் தேட வேண்டும். வெளிநாட்டில் மேற்படிப்பு என்ற தெளிவான திட்டம் இல்லாதபோது அதை நான் பரிந்துரைப்பதில்லை.

மகனுக்கும் கடைக்குட்டிக்கும் இப்போது எந்த வாரியமும் வேண்டாம். மாநில அரசுத் தேர்வுகள் இயக்ககம் தனித்தேர்வர்களுக்கு எட்டாம் வகுப்புத் தேர்வு நடத்துகிறது. 12½ வயது நிறைந்தவர்கள் எழுதலாம். மகனுக்கு அந்த வயது வரும்போது அதைப் பற்றி யோசிக்கலாம். சட்டத்தைப் பொறுத்தவரை ஒன்று தெரிந்திருக்க வேண்டும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அது வகுக்கவில்லை, வீட்டுக் கல்வி பற்றித் தனியாக எதுவும் சொல்லவும் இல்லை. அதே சட்டத்தின் நான்காம் பிரிவு, பள்ளிக்கு வெளியே இருந்த பிள்ளை திரும்பி வந்தால் வயதுக்கு உரிய வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்கிறது. எனவே திரும்பும் வழி அடைபடவில்லை. ஆனாலும் தில்லிப் பள்ளியிலிருந்து மூத்த இருவரின் மாற்றுச் சான்றிதழையும் மதிப்பெண் பட்டியலையும் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள், பிள்ளைகள் செய்யும் வேலைகளில் மாதத்துக்குச் சிலவற்றைத் தேதியிட்டு ஒரு கோப்பில் சேர்த்து வாருங்கள்.

உடன்பிறந்தவர்களுக்குள் இருக்கும் உறவைப் பற்றிச் சொல்லாமல் பாடத்திட்டத்தைப் பற்றி மட்டும் பேசினால் இந்தப் பதில் நிறைவாகாது. மூத்த பெண் வீட்டில் இருக்கும்போது, அவளைச் சிறியவர்களுக்கு ஆசிரியராக்கிவிடும் ஆசை எல்லாத் தாய்மார்களுக்கும் வரும். ஒரு நாளைக்கு அரை மணி நேரம் தம்பிக்கோ தங்கைக்கோ சொல்லிக்கொடுப்பது அவளுக்கே நன்மை தரும், ஏனென்றால் பிறருக்கு விளக்கும்போதுதான் தனக்கு எது புரியவில்லை என்பது தெரியும். அதற்கு மேல் போனால் அவள் தன் படிப்பை இழப்பாள், அதைவிட மோசமாக, பெண் பிள்ளை என்பதால் தன் நேரத்துக்கு மதிப்பில்லை என்று கற்றுக்கொள்வாள். காலையில் பதினொன்று முதல் பன்னிரண்டரை வரை அவளுக்கென்று ஓர் அறையையும் கதவைச் சாத்திக்கொள்ளும் உரிமையையும் கொடுங்கள். மகனின் கணக்கு நேரத்தை, கடைக்குட்டி பாட்டியோடு வேறு இடத்தில் இருக்கும்போது வைத்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் ஐந்து வயதுச் சிறுமி விடையை முந்திச் சொல்லிவிடுவது வீட்டுக்கு வீடு நடப்பதுதான்; பெரியவர்கள் அதை ரசித்துச் சிரிக்கும்போது, பென்சிலோடு குனிந்திருக்கும் அந்தப் பையன் முகத்தை யாரும் பார்ப்பதில்லை.

தோழி சொன்ன வெளிநாட்டுப் பாடத்திட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். குடும்பம் முழுவதும் ஒரே வரலாற்றுக் காலத்தை ஒன்றாகப் படிக்கும்படி அமைந்த திட்டங்கள் அங்கே நல்லவையாக இருக்கின்றன. அந்த அமைப்பைத்தான் மேலே நானும் சொன்னேன். ஆனால் அதில் வரும் வரலாறு அவர்கள் நாட்டு வரலாறு, நாணயமும் அளவைகளும் அவர்களுடையவை, பருவங்களும் பறவைகளும் நம் பிள்ளைகள் பார்த்திராதவை. ஒரு பாடத்துக்கு இரண்டு பாடமாக நீங்கள் மாற்றி எழுத வேண்டியிருக்கும். கதைப் புத்தகங்களுக்கு வேண்டுமானால் அவர்கள் தரும் பட்டியலைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

இணையவழி நிறுவனத்துக்கு இப்போது பணம் கட்ட வேண்டாம். முதல் பருவம் முழுவதும் மேலே சொன்னபடி நடத்திப் பாருங்கள். அதற்குப் பிறகும் எங்காவது கை தேவைப்பட்டால், பெரும்பாலும் அது மூத்தவளின் கணக்குக்கும் அறிவியலுக்கும்தான் இருக்கும், அவள் ஒருத்திக்கு அந்த இரண்டு பாடங்களை மட்டும் தருவார்களா என்று கேளுங்கள். ஒரு பிள்ளை கணக்கில் இரண்டாம் வகுப்பிலும் ஆங்கிலத்தில் நான்காம் வகுப்பிலும் இருக்க அனுமதி உண்டா, ஆண்டு நடுவில் படி மாற்றினால் கூடுதல் கட்டணம் உண்டா, மூன்று பிள்ளைகளின் நேரலை வகுப்புகளும் ஒரே நேரத்தில் வருமா, நடுவில் நிறுத்தினால் எவ்வளவு திருப்பித் தருவார்கள், இறுதியில் தரும் சான்றிதழ் எந்த வாரியத்துடையது என்ற கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். தன் பெயரிலேயே அச்சடித்துத் தரும் சான்றிதழ் என்றால் அதைக் கொண்டு பதினோராம் வகுப்பில் சேர முடியாது. மூன்றாவது பிள்ளைக்குப் பாதிக் கட்டணம் என்பது, ஐந்து வயதுக் குழந்தைக்குத் தேவையே இல்லாத ஒன்றுக்குப் பாதி விலை கொடுப்பதாகும்; அந்தப் பணத்தில் அவளுக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் நல்ல கதைப் புத்தகங்கள் வாங்குங்கள், மூவரும் படிப்பார்கள்.